பல்லுறுப்புக் கோவைகளைக் காரணிப்படுத்துவது: பொதுக் காரணியிலிருந்து சரிபார்ப்பு வரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். காரணிப்படுத்துதல் பாடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும்: "மிஸ், அந்த ரெண்டு நம்பர் உங்களுக்கு மட்டும் எப்படி உடனே தோணுது?"

எனக்கும் உடனே தோன்றுவதில்லை. சில கேள்விகளை எப்போதும் ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான். ஊகம் பண்ண வேண்டிய இடம் அதில் மிகக் குறைவு. அந்த வரிசையைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முன்னால் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் நான் 'ம' என்று எழுதுகிறேன், மாறியின் முதல் எழுத்து. இரண்டாவது மாறி தேவைப்பட்டால் 'ய'. முற்றொருமைகளுக்கு, அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் உண்மையாக இருக்கும் சமன்பாடுகளுக்கு, அ, ஆ, இ. இடையில் வரும் புள்ளி (·) பெருக்கலைக் குறிக்கும்.

மனையும் அதன் பக்கங்களும்

கூத்தப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1200 சதுர அடி. அகலமும் நீளமும் எவ்வளவு? 30க்கு 40 இருக்கலாம், 20க்கு 60 இருக்கலாம், 24க்கு 50 கூட இருக்கலாம். பரப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது பரப்பு ம² + 7ம + 12 என்று வைப்போம். பக்கங்கள் இரண்டும் முழு எண் கெழுக்களோடு (கெழு என்பது மாறிக்கு முன்னால் நிற்கும் எண்) ஒருபடிக் கோவைகளாக வர வேண்டும் என்றால் ஒரே விடைதான்: (ம + 3), (ம + 4). பரப்பைக் கொடுத்தால் பக்கங்களைக் கண்டுபிடிப்பது, இதுதான் காரணிப்படுத்துதல். பெருக்கல் பக்கங்களிலிருந்து பரப்புக்குப் போகிறது; நாம் அதே வழியில் திரும்பி வருகிறோம்.

விடை என்றால் கடைசியில் நிற்பது பெருக்கலாக இருக்க வேண்டும். ம² + 5ம + 6 என்பதை ம(ம + 5) + 6 என்று எழுதிவிட்டு முடித்துவிட்டதாக நினைக்கும் பிள்ளைகள் நிறைய. அங்கே கடைசியில் நிற்பது கூட்டல். அது இன்னும் பிரிக்கப்படவில்லை.

முதல் கேள்வி: எல்லாவற்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது?

பண்ருட்டிப் பலாவை அறுப்பதற்கு முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வோம். தடவாமல் கை வைத்தால் பால் ஒட்டிக்கொண்டு சுளை எடுப்பதே பெரும்பாடாகிவிடும். பொதுக் காரணியை வெளியே எடுப்பது அந்த எண்ணெய் மாதிரி. கணக்கு எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

12ம³ − 18ம² + 6ம

எண்களின் மீப்பெரு பொது வகுத்தி 6. மாறியில் எல்லா உறுப்பிலும் இருக்கும் குறைந்த அடுக்கு ம. எனவே 6ம வெளியே வருகிறது:

6ம(2ம² − 3ம + 1)

கடைசி 1 முக்கியம். 6மவிலிருந்து 6மவை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது என்று விட்டுவிடுகிறார்கள். நாம் கழிக்கவில்லை, வகுக்கிறோம். 6மவை 6மவால் வகுத்தால் 1. அடைப்புக்குள் இருக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை முன்பு இருந்த அதே எண்ணிக்கையாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

முதல் உறுப்பு குறையாக இருந்தால் அந்தக் குறையையும் சேர்த்து வெளியே எடுங்கள். −2ம² + 10ம − 12 என்பது −2(ம² − 5ம + 6). குறி ஒவ்வொன்றும் மாறுகிறது. அப்புறம் உள்ளே இருப்பது சாதாரணக் கணக்கு: −2(ம − 2)(ம − 3).

பொதுக் காரணி ஒரு அடைப்பாகவே இருக்கலாம். 3ம(ம − 4) + 5(ம − 4) என்றால் (ம − 4) மொத்தமாக வெளியே வரும்: (ம − 4)(3ம + 5). ஒரு இடத்தில் (ம − 4), இன்னொரு இடத்தில் (4 − ம) என்று வந்தால் பயப்பட வேண்டாம். (4 − ம) = −(ம − 4).

இரண்டாம் கேள்வி: எத்தனை உறுப்பு மிச்சம்?

இரண்டு உறுப்பு, நடுவில் கழித்தல், இரண்டும் முழு வர்க்கம் என்றால் வழி நேரானது:

அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ)

9ம² − 25 என்பது (3ம)² − 5². எனவே (3ம − 5)(3ம + 5).

இந்த ஒரு வரியின் பலத்தை எண்ணில் பார்த்தால்தான் புரியும். 2491 பகா எண்ணா? 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போகலாம். அல்லது 2491 = 2500 − 9 என்று பார்க்கலாம். 50² − 3², ஆகவே 47 × 53. 1643ஆம் ஆண்டு பிரான்சின் கணித அறிஞர் பெர்மா 2027651281 என்ற எண்ணை இதே யோசனையில்தான் உடைத்தார். அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 45030. அதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, வர்க்கத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்து, மீதி முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 45041இல் மீதி 1020² ஆகிறது. (45041 − 1020)(45041 + 1020), அதாவது 44021 × 46061. பன்னிரண்டே முயற்சி.

ஒரு முறை பிரித்ததோடு நிறுத்தாதீர்கள். ம⁴ − 16 = (ம² − 4)(ம² + 4). இதில் ம² − 4 இன்னும் பிரியும். முழு விடை (ம − 2)(ம + 2)(ம² + 4). தேர்வில் பாதி வழியில் நின்று மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ம² + 4 பிரியாது. எந்த மெய்யெண்ணை ம என்று வைத்தாலும் அது பூச்சியம் ஆகாது, ஆகவே அதற்கு ஒருபடிக் காரணி கிடையாது. "வர்க்கங்களின் கூடுதல் பிரியவே பிரியாது" என்று பொதுவாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ம⁴ + 4 பிரியும், பின்னால் வருகிறேன்.

கனங்களுக்கு இரண்டு முற்றொருமைகள்:

அ³ + ஆ³ = (அ + ஆ)(அ² − அ·ஆ + ஆ²)
அ³ − ஆ³ = (அ − ஆ)(அ² + அ·ஆ + ஆ²)

முதல் அடைப்பின் குறி கேள்வியின் குறிதான். இரண்டாம் அடைப்பின் நடுக்குறி அதற்கு எதிர். நடுவில் 2 கிடையாது. 8ம³ + 27 = (2ம + 3)(4ம² − 6ம + 9). வர்க்கமாகவும் கனமாகவும் எழுதக்கூடிய ம⁶ − 64 மாதிரி வந்தால் வர்க்கத்தை முதலில் எடுங்கள்: (ம³ − 8)(ம³ + 8), பிறகு (ம − 2)(ம² + 2ம + 4)(ம + 2)(ம² − 2ம + 4). கனத்தில் தொடங்கினால் நடுவில் ம⁴ + 4ம² + 16 வந்து நிற்கும். அதைப் பிரிக்க அதிகம் மெனக்கெட வேண்டும்.

மூன்று உறுப்பு, ம²இன் கெழு 1

(ம + அ)(ம + ஆ) என்பதை விரித்தால் ம² + (அ + ஆ)ம + அ·ஆ. எனவே கடைசி எண் பெருக்கல் தொகை, நடு எண் கூட்டல் தொகை. இது எல்லோருக்கும் தெரியும். தடுமாற்றம் தேடும் விதத்தில்தான் இருக்கிறது.

ம² − 2ம − 48. குறியை முதலில் மறந்துவிட்டு 48இன் ஜோடிகளை 1இலிருந்து வரிசையாக எழுதுங்கள்: 1, 48. 2, 24. 3, 16. 4, 12. 6, 8. இவ்வளவுதான் இருக்கிறது. இப்போது குறி. பெருக்கல் −48, எனவே ஒன்று மிகை, ஒன்று குறை. அப்படியானால் ஜோடியின் வித்தியாசம் 2 ஆக வேண்டும். 6, 8. பெரிய எண்ணுக்கு நடு உறுப்பின் குறி: −8. சின்னதுக்கு +6.

(ம − 8)(ம + 6)

பெருக்கல் மிகையாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே குறி, அது நடு உறுப்பின் குறி. அப்போது ஜோடியின் கூடுதலைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சரிபார்ப்பு. மவுக்கு 10 என்று போடுங்கள். கேள்வி: 100 − 20 − 48 = 32. விடை: 2 × 16 = 32. சரி. மனக்கணக்கிலேயே பத்து விநாடியில் முடியும். தவறான விடை தற்செயலாக இந்தச் சோதனையில் தப்பிவிட வாய்ப்பு உண்டு, அதனால் நேரம் இருந்தால் முழுசாகப் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். ஆனால் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

முதலும் கடைசியும் முழு வர்க்கம் என்றால் நடு உறுப்பையும் ஒரு கண் பாருங்கள். 4ம² − 12ம + 9இல் 2 × 2ம × 3 = 12ம. எனவே (2ம − 3)².

கெழு 1 இல்லாதபோது

பிள்ளைகள் பயப்படுவது இங்கேதான். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

6ம² + 19ம + 10

முறை இது. முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: 60. பெருக்கினால் 60, கூட்டினால் 19 வரும் ஜோடி 15, 4. நடு உறுப்பை அப்படியே பிரியுங்கள்:

6ம² + 15ம + 4ம + 10
= 3ம(2ம + 5) + 2(2ம + 5)
= (2ம + 5)(3ம + 2)

ம = 10 போட்டால் 600 + 190 + 10 = 800; 25 × 32 = 800. சரி.

ஏன் 6ஐயும் 10ஐயும் பெருக்க வேண்டும்? இதைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். காரணம் தெரியாத முறை இரண்டு மாதத்தில் மறந்துபோகும். ஒரு படம் போட்டால் விளங்கிவிடும்.

நான்கு அறை உள்ள வீடு ஒன்று வரையுங்கள். நீளம் 3ம, 2 என்று இரண்டு துண்டு. அகலம் 2ம, 5 என்று இரண்டு துண்டு. அறைகளின் பரப்பு: மேலே 6ம², 4ம, கீழே 15ம, 10. இப்போது மூலைக்கு மூலை பெருக்குங்கள். 6ம² × 10 = 60ம². 4ம × 15ம = 60ம². இரண்டும் ஒன்றே. ஒன்றாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் இரண்டிலும் கலந்திருப்பது அதே நான்கு துண்டுகள்: 3ம, 2, 2ம, 5. எந்த எண்களைப் போட்டாலும் இது மாறாது.

கேள்வியில் 4மவும் 15மவும் சேர்ந்து 19ம ஆகிவிட்டன. இரண்டு அறைக்கு நடுவில் இருந்த சுவர் போய்விட்டது. அந்தச் சுவரை மீண்டும் எங்கே கட்டுவது என்பதை 6 × 10 சொல்கிறது. அதனால்தான் பெருக்குகிறோம்.

15மவை முதலில் எழுதினாலும் 4மவை முதலில் எழுதினாலும் விடை ஒன்றே. போட்டுப் பாருங்கள்: 2ம(3ம + 2) + 5(3ம + 2).

குறை வரும் கணக்கு ஒன்று. 6ம² + 11ம − 10. பெருக்கல் −60, கூட்டல் 11, ஜோடி 15, −4.

6ம² + 15ம − 4ம − 10 = 3ம(2ம + 5) − 2(2ம + 5) = (2ம + 5)(3ம − 2)

−4ம − 10இலிருந்து −2ஐ எடுக்கும்போது உள்ளே +5 வருவதைக் கவனியுங்கள். இரண்டு அடைப்பும் ஒன்றாக வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை இந்தக் குறியில்தான் தவறு இருக்கும்.

ஜோடியே கிடைக்கவில்லை என்றால்

அ·ம² + ஆ·ம + இ என்ற கோவைக்கு ஆ² − 4·அ·இ என்பதைக் கணக்கிடுங்கள். பாடப்புத்தகத்தில் இதற்குத் தன்மைக்காட்டி என்று பெயர். அது முழு வர்க்கமாக இருந்தால் முழு எண் கெழுக்களோடு பிரியும். இல்லையென்றால் பிரியாது, தேடுவதை நிறுத்திவிடலாம். ம² + 5ம + 3க்கு 25 − 12 = 13. வர்க்கம் இல்லை, விட்டுவிடுங்கள். மேலே பார்த்த 6ம² + 19ம + 10க்கு 361 − 240 = 121 = 11².

இதன் வேர் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழியில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த கணித அறிஞர் பாஸ்கரர் மேற்கோள் காட்டியதால் நமக்குக் கிடைத்த வழி அது. கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, முழுவதையும் 4அ-வால் பெருக்கி, ஆ²ஐச் சேர்த்தால் (2அ·ம + ஆ)² = ஆ² − 4·அ·இ என்று வந்து நிற்கும். ம பின்னமாகவோ முழு எண்ணாகவோ வர வேண்டுமானால் வலப்பக்கம் வர்க்கமாக இருந்தே தீர வேண்டும்.

நான்கு உறுப்பு

இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள்.

ம³ + 3ம² − 4ம − 12 = ம²(ம + 3) − 4(ம + 3) = (ம + 3)(ம² − 4) = (ம + 3)(ம − 2)(ம + 2)

சில சமயம் மூன்றும் ஒன்றுமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ம² + 6ம + 9 − ய² என்பதில் முதல் மூன்றும் சேர்ந்து (ம + 3)². பிறகு வர்க்கங்களின் வித்தியாசம்: (ம + 3 − ய)(ம + 3 + ய).

முப்படி: காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும்

ஜோடி சேராத முப்படிக்கு ஒரு காரணியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், மிச்சம் இருபடி. மவுக்கு ஓர் எண்ணைப் போட்டு கோவை பூச்சியம் ஆனால், ம-விலிருந்து அந்த எண்ணைக் கழித்தது ஒரு காரணி. காரணித் தேற்றம் சொல்வது இதுதான்.

எந்த எண்ணைப் போடுவது? கண்டபடி போட வேண்டாம். முழு எண் விடை இருந்தால் அது மாறிலியை (ம இல்லாத கடைசி எண்ணை) மீதியின்றி வகுக்கும்.

2ம³ + ம² − 13ம + 6. மாறிலி 6, எனவே 1, 2, 3, 6, அவற்றின் குறை எண்கள். 1 போட்டால் 2 + 1 − 13 + 6 = −4. இல்லை. −1 போட்டால் −2 + 1 + 13 + 6 = 18. இல்லை. 2 போட்டால் 16 + 4 − 26 + 6 = 0. கிடைத்துவிட்டது: (ம − 2).

இனி தொகுமுறை வகுத்தல். கெழுக்களை எழுதுங்கள்: 2, 1, −13, 6. முதல் 2ஐ அப்படியே இறக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறையும், கோவையைப் பூச்சியமாக்கிய 2ஆல் பெருக்கி அடுத்த கெழுவோடு கூட்டுங்கள். 2 × 2 = 4; 1 + 4 = 5. 2 × 5 = 10; −13 + 10 = −3. 2 × (−3) = −6; 6 − 6 = 0. மீதி பூச்சியம் வந்ததால் நாம் சரியான பாதையில் இருக்கிறோம். ஈவு 2ம² + 5ம − 3. பெருக்கல் −6, கூட்டல் 5, ஜோடி 6, −1: (ம + 3)(2ம − 1).

முழு விடை (ம − 2)(ம + 3)(2ம − 1).

இரண்டு குறுக்கு வழி. எல்லாக் கெழுக்களையும் கூட்டினால் பூச்சியம் வந்தால் (ம − 1) காரணி. இரட்டைப்படை அடுக்குகளின் கெழுக்களோடு மாறிலியையும் சேர்த்துக் கூட்டியது, ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்களைக் கூட்டியதற்குச் சமமாக இருந்தால் (ம + 1) காரணி.

ம³ − 7ம + 6 மாதிரி நடுவில் ஓர் அடுக்கு இல்லாமல் இருந்தால் அந்த இடத்தில் 0 எழுதுங்கள்: 1, 0, −7, 6. அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டால் வகுத்தல் மொத்தமும் வீண். கூட்டுத்தொகை 0, எனவே (ம − 1). ஈவு ம² + ம − 6. விடை (ம − 1)(ம + 3)(ம − 2).

நான்காம் அடுக்கில் ம⁴, ம², மாறிலி மட்டும் இருந்தால் ம²ஐ ஒரே எழுத்தாக நினைத்து இருபடியாகப் பிரியுங்கள். ம⁴ − 13ம² + 36 = (ம² − 4)(ம² − 9). இரண்டும் இன்னும் பிரியும் என்பதை இப்போது நீங்களே சொல்வீர்கள்.

கூட்டிக் கழிப்பது

ம⁴ + 4க்கு வருவோம். பாடத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ம⁴ + 4ம² + 4 என்று இருந்தால் (ம² + 2)² ஆகியிருக்கும். இல்லாத 4ம²ஐக் கூட்டி, உடனே கழித்துவிடுவோம், மதிப்பு மாறாது.

ம⁴ + 4ம² + 4 − 4ம² = (ம² + 2)² − (2ம)² = (ம² − 2ம + 2)(ம² + 2ம + 2)

பிரான்சின் கணித அறிஞர் சோஃபி ஜெர்மேன் (1776–1831) பெயரால் வழங்கும் முற்றொருமை இதுதான். ம = 10 போட்டால் 10004 = 82 × 122. இதே வழியில் ம⁴ + ம² + 1 என்பதில் ம²ஐக் கூட்டிக் கழித்தால் (ம² + ம + 1)(ம² − ம + 1); 10 போட்டால் 10101 = 111 × 91.

சமன்பாட்டில் பயன்படுத்தும்போது

பெருக்கல் பூச்சியம் என்றால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியம். எனவே வலப்பக்கம் முதலில் 0 ஆக வேண்டும். ம² = 5ம என்பதை இருபுறமும் மவால் வகுத்து ம = 5 என்று எழுதினால், ம = 0 என்ற இன்னொரு விடை காணாமல் போகிறது. ம² − 5ம = 0, ம(ம − 5) = 0 என்று போனால் இரண்டும் கிடைக்கும்.

சரி, அந்த அரை கிரவுண்டு மனைக்குப் போவோம். நீளம் அகலத்தைவிட 10 அடி கூடுதல் என்று தெரிந்தால், அகலம் ம என்று வைத்து, ம(ம + 10) = 1200. அதாவது ம² + 10ம − 1200 = 0. பெருக்கல் குறை, எனவே வித்தியாசம் 10 உள்ள ஜோடி: 30, 40. நடுக்குறி மிகை, பெரிய எண்ணுக்கு மிகை.

(ம + 40)(ம − 30) = 0

ம = −40 அல்லது ம = 30. அகலம் குறை எண்ணாக இருக்காது. 30 அடி அகலம், 40 அடி நீளம்.